குடிக்கூலி

குருமடத்தில் நமக்கு மெய்யியல் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள், திருச்சபைச் சட்டமும் மறையுரைக் கலையும், ஓரளவு இசையும்கூடக் கற்பித்தார்கள். வாடகை வசூலிப்பது எப்படி என்பதை மட்டும் எவரும் கற்பிக்கவில்லை. செங்கல்பட்டுக்கு அருகே, நெடுஞ்சாலையை ஒட்டிய பங்கு ஒன்றின் பொறுப்பை நாம் ஏற்ற நாளில், நமக்கு முன்பிருந்த தந்தை திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, நற்கருணைப் பேழையின் சாவி ஆகியவற்றோடு, சிவப்பு அட்டை போட்ட நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றையும் நம் கையில் தந்தார். "இதுதான் ஃபாதர் எனக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்தது" என்று சிரித்தார். முதற்பக்கத்தில் 'கடை வாடகை' என்று எழுதியிருந்தது.

ஆலயச் சுற்றுச்சுவரோடு சேர்ந்தாற்போல், சாலையைப் பார்த்தபடி ஆறு கடைகள். உபதேசியாரின் சம்பளத்துக்கும் கோயிற்பிள்ளையின் கூலிக்கும் நிலையான வருமானம் வேண்டும் என்று எண்ணி, அந்நாளைய பங்குத்தந்தை ஒருவர் கட்டியவை. நாம் வந்த ஆண்டில் கடை ஒன்றுக்கு மாத வாடகை 600 ரூபாய். ஆறுக்கும் சேர்த்து 3,600. கோயிற்பிள்ளைக்கு மட்டும் மாதம் 7,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். எதிர்ச்சாரியில் இதே அளவுள்ள கடைக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்றார்கள். வறியோருக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் பெட்டியில் மாதக் கடைசியில் சில்லறையே மிஞ்சும். ஆலயத்தின் வாசலிலேயே அதன் சொத்து இப்படிக் கிடக்கிறதே என்று பங்குப் பேரவையில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் பெருமூச்சு விடுவார்.

பெருமூச்சு கோபமாக மாறியது மூன்றாம் கடையால். அது தையற்கடை. அறுபதைக் கடந்த பெரியவர், நம் பங்கைச் சேர்ந்தவர். பீடச் சிறுவர்களின் அங்கிகளை இருபது ஆண்டுகளாகக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பவர். அவர் கடையின் நடுவே ஒரு பலகைத் தடுப்பை வைத்து, முன்பாதியைக் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். ஆலயத்துக்கு 600 ரூபாய். அவருக்கு அவ்விளைஞர் தருவது 4,000. "கோயில் சொத்தை வெச்சு வியாபாரம் பண்றாரு ஃபாதர். காலி பண்ணச் சொல்லுங்க" என்றார் பேரவையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். நாமும் அசைத்தோம் என்றே நினைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த கட்டுப்பாடுகளின் தொடர்ச்சி அது. உரிமையாளர் நினைத்தபோது வாடகையை உயர்த்தவும், நினைத்தபோது குடியிருப்பவரை வெளியேற்றவும் அது இடந்தரவில்லை. ஆனால் சமய நிறுவனங்களின் கட்டடங்களில் வாடகை மிகவும் தாழ்ந்து தேங்கிக் கிடப்பதைக் கண்ட மாநில அரசு, இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமய அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கும் பொது அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கும் 1976-இல் அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. அவ்விலக்கு செல்லும் என்று 1985-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆக, சாதாரண வீட்டுக்காரருக்கு இல்லாத சுதந்திரம் பல ஆண்டுகளாக ஆலயங்களுக்கு இருந்திருக்கிறது. அதை நம் முன்னோர் பயன்படுத்தவில்லை. இரக்கத்தாலா, சோம்பலாலா என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்பது நம் ஊகம்.

வாடகை வாங்குவது பாவமா என்று கேட்பவர்கள் உண்டு. புனித தாமஸ் அக்குவினா வட்டியை ஆராயும் இடத்தில் இதற்கு விடை கூறுகிறார். திராட்சை இரசத்தையும் கோதுமையையும் பயன்படுத்துவது என்றால் அவற்றைத் தீர்த்துவிடுவதே; எனவே பொருளுக்கு ஒரு விலையும் அதன் பயனுக்கு இன்னொரு விலையும் கேட்பது அநீதி. பணத்தையும் அவர் இவ்வகையிலேயே சேர்த்தார். வீடு அப்படியன்று. குடியிருப்பதால் வீடு தீர்ந்துபோவதில்லை. உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பயனை மட்டும் பிறருக்குக் கொடுக்கலாம். அதற்குக் கூலி வாங்கலாம். பின்னர் வீட்டையும் திரும்பப் பெறலாம். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது நமக்கு இதில் ஐயமே எழவில்லை. வீடு தீர்ந்துபோவதில்லை என்பதில் பின்னாளில் சற்று ஐயம் எழுந்தது. அதற்குக் காரணம் நம் தமையனார்.

தமையனார் மறைமலைநகரில் இருக்கிறார். தனியார் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2012-இல் வருங்கால வைப்புநிதியை எடுத்து, வங்கிக் கடனும் வாங்கி, தம் வீட்டின் மேல் மூன்று குடித்தனங்கள் கட்டினார். மாதத் தவணை 21,000. மூன்று வீட்டு வாடகை 22,500. "வாடகையே கடனை அடைச்சிடும் தம்பி. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் நமக்கு" என்றார். சொத்து வரி, மோட்டார் பழுது, ஆண்டுக்கொரு முறை வெள்ளை, கழிவுநீர்த் தொட்டி இவையெல்லாம் எந்த வரவிலிருந்து என்று நாம் கேட்கவில்லை. குருக்களுக்குக் கணக்கு வராது என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு.

மூன்று குடித்தனக்காரரும் ஃபோர்டு ஆலையையும் அதற்கு உதிரிபாகம் தரும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்தவர்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது. தொழிலாளர் படும் துயரைப் பற்றி நாளேடுகள் எழுதின, எழுத வேண்டியதுதான். அவர்களை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய சின்னஞ்சிறு வீட்டுக்காரர்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதாக நமக்கு நினைவில்லை. ஆறு மாதத்துக்குள் மூன்று வீடுகளும் காலியாயின. காலியானதைவிடப் பெரிய இடி முன்பணம். நம் பக்கத்தில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுநாளைய வழக்கம். வாங்கிய பணம் பெட்டியில் இருப்பதில்லை. அது கட்டடத்திலேயே கரைந்துவிடும். பழையவர் போகும்போது புதியவர் தரும் முன்பணத்தைக் கொண்டே திருப்பித் தருவார்கள். புதியவர் வராவிட்டால்? தமையனார் 2,25,000 ரூபாய் திருப்பித் தர வேண்டியிருந்தது. அண்ணியாரின் நகைகள் அடகுக்கடைக்குச் சென்றன. வாசலில் 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டை பதினொரு மாதம் வெயிலில் வெளுத்தது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்யச் சொல்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்பவரை நெருக்குவதைத் தடை செய்கிறது. குடியிருப்பவருக்காகச் செய்யப்பட்டதாகத் தோன்றினாலும், மூன்று மாத விதியைத் தமையனார் தொடக்கத்திலேயே கடைப்பிடித்திருந்தால் அண்ணியாரின் வளையல்கள் கையிலேயே இருந்திருக்கும். இதை நாம் அவரிடம் சொல்லவில்லை.

பின்னர் ஒப்பந்தக்காரர் ஒருவர் வழியாக வடமாநில இளைஞர் எட்டுப் பேர் ஒரு வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. நால்வருக்கென்று கட்டிய கழிவுநீர்த் தொட்டி எட்டுப் பேரைத் தாங்கவில்லை. மின்கட்டணத்திலும் தகராறு. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் உள்ள ஏற்பாடு. தமையனாரோ மேல்மாடி முழுவதற்கும் ஒரே இணைப்பு வாங்கி, துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கணக்குப் பார்த்தார். மொழி தெரியாத அப்பிள்ளைகளில் ஒருவன் ஒருநாள் கைப்பேசியில் கூட்டிக் கழித்துக் காட்டி, வாரியத்துக்குக் கட்டியதைவிட அதிகம் வாங்குகிறீர்கள் என்று நிறுவிவிட்டான். "அவன் சொன்னது சரிதான் தம்பி. ஆனா தொட்டி எடுக்குற லாரிக்கு யாரு குடுக்குறது?" என்று தமையனார் நம்மிடம் கேட்டார். அக்குவினாவிடம் இதற்கு விடை இருப்பதாகத் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் அவ்வாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் இயக்கப்போவதாக ஃபோர்டு தெரிவித்த செய்தியைத் தமையனார் நாளேட்டிலிருந்து வெட்டி, மின்கட்டண அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

கடற்கரைப் பக்கம் துன்பம் வேறு வகை. மாமல்லபுரத்தில் நமக்கு அறிமுகமான ஓர் அம்மையார் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். மார்கழியில் வெளிநாட்டுப் பயணிகள். மற்ற மாதங்களில் சிற்பக்கூடங்களில் உளி பிடிக்கும் இளைஞர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காகப் பேரனைக் கணினியின் முன் உட்காரவைத்துவிட்டு அவர் செபமாலை சொல்வார். கடற்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துரு பருத்து, தளத்தின் சிமெண்டைப் பிளந்துகொண்டு விழுகிறது. இடித்துக் கட்டலாம் என்றால் வீடு நினைவுச்சின்னம் ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே எதுவும் செய்யலாம். பல்லவர் குடைந்த கல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. அதைப் பார்க்க வருபவர் தங்கும் அறையோ முப்பது ஆண்டுகளில் உதிர்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவரிடம் மூன்று சிற்பத் தொழிலாளிகள் குடியிருந்தார்கள். தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29-இல் மத்திய அரசு ஆணையிட்டது. அம்மையார் அந்த ஆணையை அறியார். ஒரு மாதமன்று, ஐந்து மாதம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திராது என்பது வேறு செய்தி. கிளம்பும்போது அவ்விளைஞர்கள் கருங்கல்லில் செதுக்கிய சிறிய அந்தோணியார் சொரூபம் ஒன்றைத் தந்து சென்றார்கள். முகம் சற்றே புத்தரைப் போல இருக்கிறது. கடற்காற்றில் அறைக்கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அம்மையார் அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். நாம் மந்திரிக்கட்டுமா என்றோம். "மந்திரிச்சிட்டா தரையில வைக்கக் கூடாதே சாமி, கதவுக்கு என்ன பண்றது?" என்றார்.

இனி எழுதப்போவதை எழுத நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் பங்கில், கணவரை இழந்த ஒருவர் சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழ்கிறார். அங்கே குடியிருந்த முதியவர் ஒருவருக்கு நோய் முற்றி, மருத்துவமனையில் இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நோயில்பூசுதல் கொடுக்கச் சென்ற நம்மை அவ்வம்மையார் வாசலிலேயே மறித்தார். "சாமி, தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ல உயிர் போச்சுன்னா அப்புறம் யாரும் குடி வரமாட்டாங்க. எங்கயாவது மாத்திடச் சொல்லுங்க." நமக்குச் சினம் மூண்டது. விசுவாசியா நீங்கள் என்று கடுமையாகக் கேட்டுவிட்டோம். அவர் அழவில்லை. முன்பொருமுறை அவ்வீட்டில் இளம்பெண் ஒருத்தி இறந்தபின் ஏழு மாதம் பூட்டிக் கிடந்ததையும், அந்த ஏழு மாதமும் தாம் மகள் வீட்டில் நாள்தோறும் கேட்ட சொற்களையும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவ்வளவே.

அன்றிரவு பேரவையினர் சிலரை அழைத்து, முதியவரை ஆலய வளாகத்திலுள்ள மறைக்கல்வி அறைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டோம். பிள்ளைகள் படிக்கும் இடமாயிற்றே, பயந்துகொள்வார்களே, பெற்றோர் என்ன சொல்வார்களோ என்றார்கள். ஞாயிறு கழியட்டும் என்று நாமும் சொன்னோம். நம் இல்லத்தில் விருந்தினர் அறை ஒன்று காலியாகத்தான் இருந்தது. ஆயர் இல்லத்திலிருந்து எவரேனும் வரக்கூடும் என்று அதை நினைவிலிருந்தே ஒதுக்கினோம். சனிக்கிழமை விடியலில் முதியவர் அந்த வாடகை வீட்டிலேயே இறந்தார். நாம் போனபோது, வந்தவர்களுக்குக் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அந்த வீட்டுக்கார அம்மையார்தான்.

1987-ஐ வீடற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கடைப்பிடித்தபோது, திருப்பீடத்தின் நீதி அமைதி ஆணையம் வீட்டுப் பிரச்சினை குறித்து ஓர் ஆவணம் வெளியிட்டது. குருமடத்தில் அதைப் பற்றி நாம் கட்டுரை எழுதிப் பாராட்டும் பெற்றோம். விருந்தினர் அறையைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கட்டுரை நினைவுக்கு வருகிறது.

வீடு ஐந்து மாதம் காலியாக இருந்தது. அவ்வாண்டே அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார், தென்மாவட்டத்தவர், கத்தோலிக்கர். நாமே மூன்று வீடுகளுக்கு அவரை அனுப்பிவைத்தோம். இரண்டில் 'சைவம் மட்டும்' என்றார்கள். மூன்றாவது வீடு நம் பங்கைச் சேர்ந்தவருடையது. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குபவர். அவர் நம்மைத் தனியே அழைத்து, "பொண்ணு எந்த ஆளுங்க ஃபாதர்?" என்றார். தெரியாது என்றோம். மறுநாள் வீட்டை உறவினருக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவ்வீட்டு வாசலில் அட்டை மேலும் இரண்டு மாதம் தொங்கியது. பவுலடியார் உரோமையில் இரண்டாண்டு வாடகை வீட்டில் தங்கியிருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் முடிகிறது. காவல் வீரனோடு கூடிய கைதி ஒருவருக்கு வீடு கொடுத்த அந்த உரோமை வீட்டுக்காரர் யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அவர் என்ன ஆளுங்க என்று கேட்டிருக்கமாட்டார் என்று நம்புகிறோம். செவிலியர் இறுதியில் அந்தச் சாவு வீட்டுக்கே குடிபோனார். "தினமும் பார்க்கிறதுதானே ஃபாதர்" என்றார்.

தையற்காரரிடம் திரும்புவோம். 2023 அக்டோபர் 8 ஞாயிறன்று நற்செய்தி, கொடிய குத்தகைக்காரர் உவமை. தோட்டக்காரர்களிடம் வரவேண்டிய பங்கைக் கேட்டு உரிமையாளர் ஆள்மேல் ஆள் அனுப்புகிறார், அவர்கள் அடித்துத் துரத்துகிறார்கள், மகனையே கொல்கிறார்கள். மறையுரையில் நாம் இஸ்ரயேலைப் பற்றியும் இறைவாக்கினரைப் பற்றியும் கற்றபடியே பேசினோம். மூன்றாம் வரிசையில் நம் மூன்றாம் கடைக்காரர் அமர்ந்திருந்தார். பேசப் பேச, இது யார் காதில் எப்படி விழுகிறது என்ற உணர்வு வந்து நாக்கு தடுமாறியது. திருப்பலி முடிந்ததும் அவர் வந்து, "இன்னைக்குப் பிரசங்கம் எனக்குத்தானே சாமி?" என்றார். இல்லை என்று சொன்னால் அவர் நம்பப்போவதில்லை.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். அதுவும் வாடகை வீடு என்பது அன்றுதான் நமக்குத் தெரியும். மாதம் 5,500. ஆயத்த ஆடைகள் வந்தபின் தையலில் வருவது அரிசிக்கும் மருந்துக்கும் போதும். வீட்டு வாடகையைக் கட்டுவது கைப்பேசிக்கார இளைஞர் தரும் 4,000-தான். ஆலயம் வாங்காமல் விட்ட வாடகை இப்படி அவர் வழியாக வேறொரு வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கும் ஏதோ ஒரு தவணை இருக்கும்.

பேரவையில் மூன்று கூட்டங்கள் நடந்தன. ஆசிரியர், கோயிற்பிள்ளையும் ஏழைதான் ஃபாதர், அவருக்கு மூன்று பெண்கள் என்றார்; அது உண்மை. முடிவில் ஆறு கடைகளுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். வாடகை 3,500, ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உயர்வு, முன்பணம் மூன்று மாதம், உள்வாடகை கூடாது. மூன்றாம் கடையை மட்டும் நடுவே செங்கற்சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். முன்பாதி இளைஞருக்கு 3,500. பின்பாதி தையற்காரருக்கு 1,000. பக்கவாட்டில் அவருக்கென ஒரு வாசல் வைத்தோம். ஒருவர் கடை காலி செய்தார். இன்னொருவர் ஆறு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. வின்சென்ட் தே பவுல் பெட்டியில் இப்போது ஓரளவு பணம் இருக்கிறது.

தையற்காரர் அவ்வீட்டைக் காலி செய்து திருக்கழுக்குன்றம் சாலையில் வாடகை குறைந்த ஓர் இடத்துக்குப் போனார். முன்போல் காலைத் திருப்பலிக்கு வர இயலவில்லை. பேருந்து கிடைத்த ஞாயிறுகளில் வருகிறார். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பீடச் சிறுவர் பன்னிருவருக்கு அங்கி தைக்கக் கொடுத்தோம். குறித்த நாளில் தைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். மடிப்பின் மேல் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. 'தையற்கூலி, அங்கி 12, ரூ. 2,400.' இருபது ஆண்டுகளில் முதல் சீட்டு. அவர் நம் முகத்தைப் பார்த்தபடி நின்றார். நாம் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டார். சீட்டைச் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் செலவுப் பக்கத்தில் ஒட்டினோம்.